வெயிலில் நின்ற ஜீப்

பத்திரிகைக்காரர்களை எனக்கு எப்போதுமே ஆகாது. எங்கள் மிருகக்காட்சிசாலையில் அந்தச் சாவு விழுந்த மறுநாள் அவர்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அறவே ஆகாது. 'புலி மேல் பாசம்: தங்கை கணவர் சாகும்போதும் சுடாமல் நின்ற காவலர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு படம். அதில் அந்தக் காவலர், எங்கள் ஷூட்டர், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு புலிக்குட்டியை வைத்துப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எடுத்த படம் அது. எவன் தூக்கிக் கொடுத்தானோ தெரியவில்லை, கையில் கிடைத்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன்.

அவர்கள் எழுதியது பொய். அதற்காக உண்மை அதைவிட நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த உண்மையில் எனக்கும் பங்கு உண்டு. என் கையெழுத்து ஏழு இடத்தில் இருக்கிறது. அதனால்தான் வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஷூட்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். என்னைக் கம்பவுண்டர் என்பார்கள். மிருக ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குவது, புண் கழுவிக் கட்டுவது, டாக்டர் திட்டும்போது கேட்டுக்கொள்வது இவை என் வேலை. ஷூட்டர் இங்கே வருவதற்கு முன் ஆறு வருடம் ராணுவத்தில் இருந்தவன். ராணுவம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், சமையல் பிரிவு. ஆனால் குறிபார்த்துச் சுடுகிற போட்டியில் மூன்று முறை பரிசு வாங்கிய சமையல்காரன். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் எங்கள் இடத்தில் வேலை வாங்கினான்.

பெரிய மிருகங்கள் இருக்கிற இடத்தில் துப்பாக்கி தெரிந்த ஆள் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மயக்க ஊசி இருக்கிறதே என்று கேட்பார்கள். ஊசி ஏறி மிருகம் சாய்வதற்குப் பத்து நிமிடம் ஆகும். ஒரு மனிதன் அதன் வாயில் இருந்தால் பத்து நிமிடத்தில் என்ன மிஞ்சும்? அதற்காகத்தான் ஒரு ஜீப், ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி, பத்துத் தோட்டாக்கள், ஒரு ஷூட்டர். பத்தொன்பது வருடத்தில் அவன் ஒரு மிருகத்தை நோக்கியும் துப்பாக்கியைத் தூக்கியதில்லை. காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு வேலிகளைச் சுற்றிப் பார்ப்பான். மற்ற நேரத்தில் தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்வான், குரங்கு பிடுங்கிக்கொண்ட மூக்குக் கண்ணாடியைப் பேரம் பேசி வாங்கிக் கொடுப்பான்.

"உக்காந்து சாப்பிடறதுக்கு அரசாங்கம் உனக்குச் சம்பளம் தருது பாரு, அது கொடுப்பினை," என்று நான் சீண்டுவேன்.

"நான் என் வேலைய செய்ற அன்னிக்கு நீ சிரிக்க மாட்டே கம்பவுண்டர்," என்பான். உண்மையாகவே அப்படித்தான் ஆனது.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, பத்து வயது இளைய தங்கையை அவன்தான் வளர்த்தான். அவளுக்கு மாப்பிள்ளையும் அவனே பார்த்தான். வெளியே எங்கும் அலையவில்லை. புலி, சிறுத்தைகளைப் பார்த்துக்கொள்கிற எங்கள் பூனைக்காரரையே பிடித்துக் கட்டி வைத்துவிட்டான். புலியைப் 'பூனை' என்றுதான் அந்த மனிதர் சொல்வார், அதனால் அந்தப் பெயர். ஊழியர் குடியிருப்பில் இரண்டு வீடும் ஒரே சுவர். ஷூட்டருக்கு மூன்று வேளையும் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. அந்த வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் மாமாவின் தோளில் ஏறிக்கொண்டுதான் இருக்கும். நான் நாலு வீடு தள்ளி இருந்தேன். அந்த வீட்டுச் சிரிப்புச் சத்தம் என் சமையலறை வரை கேட்கும்.

இனி அந்த ஜீப்புக்கு வருகிறேன். தோட்டாக்களை ஸ்டோர் அறையில் குளிர்ச்சியான இடத்தில் பூட்டி வைக்க வேண்டும், காலையில் எடுத்து மாலையில் திருப்பி வைக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அதே புத்தகத்தில் இன்னொரு பக்கத்தில், எந்தக் கூண்டுக்கும் இரண்டு நிமிடத்துக்குள் துப்பாக்கி போய்ச் சேர வேண்டும் என்றும் இருக்கிறது. ஸ்டோர் சாவி கண்காணிப்பாளரிடம், கண்காணிப்பாளர் பாதி நாள் கூட்டத்தில். எனவே துப்பாக்கியும் தோட்டாவும் ஜீப்பின் பின் ஸீட்டுக்கு அடியில், ஒரு இரும்புப் பெட்டியில், நிரந்தரமாகக் குடியேறின. பெட்டியின் சாவி மட்டும் ஷூட்டரின் இடுப்பில். எல்லாருக்கும் தெரியும், எவரும் கேட்கவில்லை.

முதலில் ஜீப் கேன்டீன் பக்கத்து மரத்தடியில்தான் நின்றது. ஒரு கோடையில் கேன்டீன் அக்காவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், சூட்டில் தோட்டா தானாக வெடிக்கும் என்று. அந்த அம்மாள் ஆடித் தீர்த்துவிட்டார்.

"என் கேஸ் சிலிண்டர் இங்க, உன் வெடிகுண்டு அங்க. ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணும் வெடிக்கும். எல்லாரையும் ஒரே மூட்டையா கட்டி அனுப்பப் போறியா?"

பூனைக்காரரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். ஜீப்பில் ஏறினால் முன் ஸீட்டில்தான் உட்காருவார். "மச்சான், புலி மேல வேணா உக்காருவேன், உன் பெட்டி மேல உக்கார மாட்டேன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு," என்று கும்பிடு போடுவார்.

புகார் கண்காணிப்பாளருக்குப் போனது. அவர் நீண்ட நேரம் யோசித்து ஒரு உத்தரவு போட்டார்: அபாயம் கருதி, ஜீப் இனிமேல் எந்தக் கட்டடத்துக்கும் எந்த மரத்துக்கும் ஐம்பது அடிக்குள் நிற்கக் கூடாது. அப்படி ஓர் இடம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, டிக்கெட் கவுண்டருக்குப் பின்னாலிருந்த பொட்டல். சூட்டில் வெடித்துவிடும் என்று பயந்து, நிழலில் நின்ற வண்டியைக் கொண்டுபோய் நடு வெயிலில் நிறுத்தினோம். இதை இப்போது எழுதும்போது என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது கோணலாகப் படவில்லை.

ஷூட்டருக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்கும். துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். தோட்டா தானாக வெடிக்க நூற்றைம்பது டிகிரிக்கு மேல் வேண்டும், தீப்பிடித்தால் ஒழிய வண்டிக்குள் அந்தச் சூடு வராது என்று அவர் சொன்னாராம். அதோடு விட்டானா? என்னிடம் வந்து, ஊசிகளைக் கொதிக்க வைக்கிற பாத்திரத்தின் தெர்மாமீட்டரைக் கேட்டான். இருவருமாகப் போய்ப் பகல் இரண்டு மணிக்குப் பெட்டிக்குள் வைத்தோம். கதவுப் பிடியைத் தொட முடியவில்லை, துண்டைச் சுற்றித் திறந்தோம். அரை மணி கழித்து எடுத்தபோது அறுபத்தாறு டிகிரி காட்டியது.

"பாத்தியா, பாதிகூட வரல," என்று கைதட்டினான். தெர்மாமீட்டரைக் கேன்டீன் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பூனைக்காரரிடம் காட்டினோம். அன்று எல்லாருக்கும் ஷூட்டர் செலவில் டீ.

அறுபத்தாறு டிகிரி! ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் கரண்ட் இல்லாமல் போனால், குளிர்ப்பெட்டியிலிருக்கிற தடுப்பூசி முழுவதையும் வாய்க்காலில் கொட்டுகிற ஆள் நான். சூடு பட்டால் மருந்து செத்துவிடும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆள். அந்தத் தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டியபடி நின்றேன். இது வெடித்துவிடுமா என்று மட்டும்தான் எல்லாரும் கேட்டோம். தேவைப்படுகிற அன்றைக்கு வெடிக்காமல் போய்விடுமா என்று கேட்க எங்களில் ஒரு நாதியில்லை.

அதைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு வழி விதிப் புத்தகத்தில் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, வார விடுமுறை நாளில், பெட்டியிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்து மணல் மேட்டில் சுட்டுப் பார்க்க வேண்டும். சுட்ட இரண்டுக்குப் பதில் ஸ்டோரிலிருந்து புதிதாக இரண்டு வாங்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். பதிவேட்டில் ஷூட்டர் எழுதுவான், சாட்சியாக நான் கையெழுத்துப் போடுவேன். பல வருடம் ஒழுங்காகத்தான் செய்தோம். பத்துத் தோட்டாவும் புதிதாக வந்த மறு வருடம் அது நடந்தது.

முதல் வெடிச் சத்தத்திலேயே மான் கூட்டம் மிரண்டது. இரண்டாவது சத்தத்தில் ஒரு பெண் மான் கண்மண் தெரியாமல் ஓடி வேலியில் மோதியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கழுத்து ஒடிந்து கிடந்தது, வயிறு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நிறைமாதம். டாக்டர் அங்கேயே கீறிப் பார்த்தார், நான் பிடித்துக்கொண்டேன். குட்டிக்குக் குளம்பு வரை எல்லாம் வந்திருந்தது. மூச்சு மட்டும் இல்லை. ஷூட்டர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தக் குட்டியைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தான். போதும் விடு என்று டாக்டர் அதட்டும்வரை விடவில்லை.

அடுத்த வருடம் சோதனை நாள் வந்தபோது அவன் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"இந்தத் தடவை சுட வேணாம் கம்பவுண்டர். நாலு மான் செனையா இருக்கு."

"அப்ப பதிவேடு?"

"சுட்டாச்சுன்னு எழுதிடறேன். தோட்டாவுக்கு என்ன ஆகப் போகுது, டப்பாக்குள்ள பத்திரமா இருக்கு."

இரண்டு சுடப்பட்டன, நன்று என்று எழுதினான். நான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், கையில் கட்டுத்துணி இருந்தது, ஒரு வரிக்குதிரை கத்திக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வருடமும் அதேதான். மான்கள் எந்த வருடம்தான் சினையாக இல்லாமல் இருக்கின்றன? ஏழு வருடம் இப்படிப் போனது.

அந்த நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்ட எனக்குத் தெம்பு இல்லை. கோடையின் உச்சம், பகல் இரண்டரை மணி. புலியை வெளி மைதானத்துக்கு விட்டுவிட்டுப் பூனைக்காரர் உள்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நடுவே ஒரு தூக்குக் கதவு, அதற்கு இரண்டு தாழ்ப்பாள். ஒன்றைப் போட்டிருந்தார், ஒன்று துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது. போட்டிருந்ததும் கழன்றுகொண்டது. அந்த வெயிலில் வெளியே நிற்கப் பிடிக்காமல் புலி கதவை நெம்பி உள்ளே வந்துவிட்டது. ஷூட்டர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த அதே புலிதான். பெரியவள் என்று கூப்பிடுவோம்.

ஷூட்டர் ஒன்றரை நிமிடத்தில் வந்துவிட்டான். ஸ்டியரிங் சுட்டுக் கை கொப்பளித்திருந்ததற்குப் பின்னால் நான்தான் மருந்து போட்டேன். கம்பிக்கு வெளியே பன்னிரண்டு அடி தூரத்தில் நின்று தோளில் துப்பாக்கியை ஏற்றினான். பூனைக்காரருக்கு அப்போது உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. "மச்சான், சுடு" என்றாராம். பார்வையாளர்கள் மேடையிலிருந்து ஐம்பது அறுபது பேர் அலறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலில் துப்பாக்கி 'டிக்' என்றதும் மறுபடி 'டிக்' என்றதும் யார் காதிலும் விழவில்லை. ஷூட்டர் துப்பாக்கியை மடக்கித் திறந்து வேறு இரண்டைப் போட்டான். அவையும் வெடிக்கவில்லை. நான் மயக்க ஊசிப் பெட்டியோடு ஓடி வந்தபோது பெரியவள் அவரை உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். ஷூட்டர் வெறும் கம்பியைப் பார்த்துத் துப்பாக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

அறுபது பேரும் ஒரே சாட்சி சொன்னார்கள். குறி பார்த்துக்கொண்டே நின்றார், சுடவே இல்லை. அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், அவர்கள் பார்த்தது அதுதான்.

தங்கையும் அதைத்தான் நம்பினாள். எடுத்துக்கொண்டுபோய் எல்லாம் முடித்த மூன்றாம் நாள், ஷூட்டர் அவள் வாசலில் போய் நின்றான். அவள் அழவில்லை. "உனக்கு மனசு வரலன்னு சொல்லுண்ணே. பால் குடுத்து வளத்த கை, வரலன்னு சொல்லு. நான் கேட்டுக்கறேன்," என்றாள்.

"நான் சுட்டேன்மா. நாலு தடவை அழுத்தினேன். வெடிக்கல."

"நாலும் வெடிக்கலையா?"

"ஆமா."

"வருஷா வருஷம் சோதிச்சு வெச்சிருக்கற தோட்டா, நாலும்?" என்றாள் அவள். கதவு சாத்திக்கொண்டது.

அதன்பின் நாலு மாதம் அந்த வீட்டிலிருந்து அவனுக்குத் தட்டு வரவில்லை. பக்கத்துச் சுவருக்கு அப்பால் பாத்திரச் சத்தம் கேட்கும், குழந்தைகள் பேசுவது கேட்கும், இவன் கேன்டீன் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்பான். குழந்தைகள் மாமாவைக் கண்டால் மறுபக்கம் போகும்படி சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தன. வேலை போகுமா, ஜெயிலா என்று எங்களுக்கெல்லாம் பதைப்பாக இருந்தது. அவனுக்கு அந்தக் கவலையே இல்லை. அவன் சுட்டான் என்று தங்கை நம்ப வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதை மட்டுமே ஜெபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

விசாரணை அதிகாரி தோட்டாக்களை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அறிக்கை வந்த அன்று கண்காணிப்பாளர் அறையில் நானும் இருந்தேன். நான்கு தோட்டாக்களின் அடியிலும் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் முழு ஆழத்தில் இருக்கிறது, எனவே விசை இழுக்கப்பட்டது சந்தேகமில்லை, தோட்டாக்கள் கெட்டுப்போயிருந்தன. பதிவேட்டின்படி வருடாவருடம் சோதனை நடந்திருப்பதால் ஷூட்டர் மேல் தவறில்லை, தயாரித்தவர்களின் குறையாக இருக்கலாம். கண்காணிப்பாளர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவருக்கும் கண்டம் தாண்டிய மாதிரி இருந்திருக்கும். நான் அறிக்கையின் நகல் ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராக அந்தத் தங்கையின் வீட்டுக்கு ஓடினேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை என்னை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, நாலு மாதமாக அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். "எங்கண்ணன நான் பேசின பேச்சு," என்று சொல்லிச் சொல்லி வாயிலேயே அடித்துக்கொண்டாள். "கூட்டிட்டு வாங்க. நீங்களும் வாங்க, இங்கதான் சாப்பிடணும்."

அன்று மத்தியானம் தரையில் மூன்று தட்டுப் போட்டாள். குழந்தைகள் தயங்கித் தயங்கி வந்து மாமாவின் முதுகில் சாய்ந்தன. அவள் பரிமாறிக்கொண்டே பேசினாள், அவன் இளைத்துவிட்டான் என்றாள், சட்டைக்குப் பித்தான் இல்லை கழற்றிக் கொடு என்றாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், என் கையெழுத்து தப்பித்ததில் பாதிக் குளிர்ச்சி.

ஷூட்டர் தட்டைத் தொடவில்லை. வரும்போதே பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அதைத் தங்கைக்கு முன்னால் வைத்துத் திறந்தான். உள்ளே தோட்டாக்கள், பளபளவென்று, பதினான்கு.

ஏழு வருடம் ஸ்டோரிலிருந்து வாங்கிய புதியவை. சுட்டதாக எழுதிய கணக்கு உதைக்காமல் இருக்க, வருடத்துக்கு இரண்டாக வாங்கித் தன் வீட்டு அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறான். ஜீப் பெட்டியில் போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பெட்டியில் பத்துதான் இருக்கலாம், போட்டால் பழையதில் இரண்டை எடுக்க வேண்டும். எல்லாம் சுடாத தோட்டாதானே, எது எங்கே இருந்தால் என்ன என்று விட்டுவிட்டான். எழுதிய அந்த இரண்டு எங்கே போயின என்று நான் ஒரு வருடம்கூடக் கேட்டதில்லை. டின்னைப் பார்த்ததும் அவன் தொடையைக் கிள்ளினேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் சோதிக்கலம்மா," என்றான். "அந்த மான் செத்ததுலேருந்து சுட்டே பாக்கல. பொய்யா எழுதினேன். ஏழு வருஷம் அதே தோட்டாவ வெயில்ல வெச்சிருந்தேன். ஒரு தடவை சுட்டுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பதினான்கையும் பின்னால் ஆய்வுக்கூடத்தில் சுட்டுப் பார்த்தார்கள். பதினான்கும் வெடித்தன. அங்கிருந்தவர் ஒருவர்தான் எனக்கு விளக்கினார்: பகலில் காய்ந்து இரவில் ஆறி, வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால் ஈரம் உள்ளே இறங்கும், சூட்டில் உள்மருந்து உயிரிழக்கும், வெளியே பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும் என்று. ஷூட்டர் மறுநாளே அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுத்து வேலையை இழந்தான். நானும் சஸ்பெண்டாகி ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தேன், அந்தத் தண்டனை எனக்குப் போதாது. இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று அந்தத் தரையில் அவள் டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குழந்தைகளை உள் அறைக்குப் போகச் சொன்னாள்.

"மான் சாகக் கூடாதுன்னு," என்றாள்.

அவன் தலையாட்டினான்.

"இத யாரு கேட்டா உன்ன? ரிப்போர்ட்ல உன் மேல தப்பில்லன்னு வந்தாச்சு. அதோட இருந்திருக்கலாம் இல்ல? அவரு போயிட்டாரு. எனக்கு அண்ணனாவது மிஞ்சியிருப்பான்."

"உன் கையால சாப்பிடறதுக்கு முன்னாடி சொல்லணும்னு தோணிச்சு."

அவள் டின்னை மூடினாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. அவன் தட்டில் ஆறிப்போயிருந்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சூடாக இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிட்டுட்டுப் போ," என்றாள். "இனிமே வராதே."

அவன் குனிந்து, தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல், மெதுவாகச் சாப்பிட்டு முடித்தான்.